கண்மாய்ப் பூதம் என்னைய முழுங்குன வாரம்

என்னையக் கொன்னது ரெண்டு சாக்கு, ஒரு பழைய சோபாவோட பஞ்சு, ஒரு அள்ளு ஆகாயத்தாமரை. உள்ளுக்குள்ள ஒரு பரோட்டா மாஸ்டர். இம்புட்டும் சேந்ததுதான் பூதம். அது என்னைய முழுங்கையில தியேட்டரே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. அதுக்குக்கூட எனக்கு வருத்தமில்ல. ஆனா படம் வர்றதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி, மதுரைக்குப் பக்கத்துல பரவையில, என் சொந்தக் கடை வாசல்ல, பட்டப்பகல்ல என்னையக் கொன்னானுங்க பாருங்க, அத நான் இன்னைக்கும் மன்னிக்கல.

எனக்கு மார்க்கெட்டுக்குப் பின்னால மாவுக் கடை. இட்லி மாவு ஆட்டி விக்கிறேன். பொறந்தது டி. கல்லுப்பட்டிப் பக்கம், பருத்தியும் சோளமும் போடுற வீடு. வாக்கப்பட்டு வந்து இருவத்தெட்டு வருசமாச்சு. வீட்டுக்காரரு டவுன்ல இரும்புக் கடையில நிக்கிறாரு. ஒரே மக, கோயம்புத்தூர்ல வேலை பாக்குறா. அவளுக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருந்தோம்.

கல்யாணம்னா எங்க பக்கம் மொதப் பத்திரிகை கொலசாமிக்கு. அடுத்தது தாய்மாமனுக்கு. தாய்மாமன் மால போடாம பொண்ணு மேடையேற மாட்டா. எனக்கு ஒரே தம்பி. அவனும் நானும் பேசி ஆறு வருசம். அச்சாபீஸ்காரரு அவன் பேரப் போட்டே மாதிரிப் பத்திரிகை ஒண்ணு அடிச்சுக் குடுத்துட்டாரு. அது என் கல்லாப்பெட்டிக்குள்ள பதினஞ்சு நாளா கெடக்கு. வீட்டுக்காரரு தெனமும் காபி குடிக்கையில, "மச்சினன் பேரு இருக்கட்டுமா, எடுக்கச் சொல்லவா?"ன்னு கேப்பாரு. நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆடி பொறந்துட்டா பத்திரிகை வைக்க முடியாது. அதுக்குள்ள நான் ஒரு முடிவு சொல்லியாகணும்.

சண்டை எதுக்குன்னா, அவன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். கூடப் பொறந்த அக்கா எனக்கு வாட்ஸாப்புல பத்திரிகை அனுப்புறான்! தட்டுல வெத்தல பாக்கு வச்சு, புருசனும் பொண்டாட்டியுமா வந்து கூப்பிட வேண்டாமா? கீழ ரெண்டு கும்பிடுற கை பொம்மை வேற. நான் போகல. அக்கா வராம பால் காய்ச்ச வச்சுட்டாளேன்னு அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். அப்புறம் பாத்த எடத்துல எல்லாம் அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எங்க ரெண்டு பேருக்கும் ரோசம் ஒரே அளவுதான்.

சரி, பூதத்துக்கு வாரேன். மொதப் பாகத்த எடுத்ததே எங்க ஏரியாப் பயலுகதான். கண்மாய மூடி பிளாட் போட்டானுங்கன்னு கண்மாய்க்குள்ள இருந்து பூதம் கெளம்பி வந்து பிளாட் புரோக்கர்களத் தின்னுற கதை. தியேட்டர்ல மூணு நாள்கூட ஓடல. ஆனா போன்ல ஊரே பாத்துச்சு. அந்தத் தைரியத்துல ரெண்டாம் பாகம் எடுத்தானுங்க. இந்தத் தடவ பூதம் ஊருக்குள்ளயே வருது, மார்க்கெட்டு, பஸ் ஸ்டாண்டு, டீக்கடைன்னு ஒண்ணு விடாம.

அந்தச் சமயம் தெனமும் ரெண்டு வாளி உளுந்து மாவு வேணும்னு ஒரு பய வந்து வாங்கிட்டுப் போவான். யூனிட்டுக்கு வடை சுடுறாங்க போலன்னு நானும் பதமாப் பாத்து, பந்து மாதிரி ஆட்டிக் குடுத்தேன். நாலாம் நாள் மார்க்கெட்டுல கூட்டமா இருக்கேன்னு எட்டிப் பாக்குறேன், என் மாவுல பச்சச் சாயத்தக் கலக்கி அந்தச் சாக்குப் பூதத்தோட வாயில ஊத்துறானுங்க. எச்சிலாம்! அது கொழகொழன்னு தரையில வடியுது. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். "ஏண்டா, திங்கிற பொருளையா எச்சின்னு ஊத்துறீங்க? வெளங்குவீங்களாடா? வெடிய வெடிய ஊறவச்சு, விடிகாலையில எந்திரிச்சு ஆட்டுறவளுக்குத் தெரியும்டா அதோட அரும"ன்னு பிடிபிடின்னு பிடிச்சுட்டேன். பூதம் தலையக் கழட்டி, "அக்கா, மன்னிச்சுக்கங்க, நான் சொன்னேன், கேக்கல"ன்னுச்சு. அப்பத்தான் தெரிஞ்சுச்சு அது பரோட்டா மாஸ்டருன்னு.

டைரக்டரு ஒரு ஒல்லிப் பய, மூஞ்சியில பாதி தாடி. அவன் என் திட்ட எல்லாம் வாயப் பொளந்து கேட்டுட்டு, "அக்கா, இதே கோவத்தோட பூதத்தத் திட்டுறீங்களா? அது உங்கள முழுங்கிடும். படத்துல மொதச் சாவே நீங்கதான்க்கா"ன்னான். போடான்னு சொல்லிட்டு வந்திருக்கணும். எங்க போச்சு புத்தி? சுத்தி நின்ன பொம்பளைங்க, "நடி மதினி, நடி"ன்னு ஏத்திவிட்டாளுக. சரின்னுட்டேன். ஆனா கண்டிசனா ஒண்ணு சொன்னேன். "என் பேர ஒழுங்காப் போடணும். யாரோ மாவுக்காரின்னு விட்றக் கூடாது." "பெருசாப் போடுறேன்க்கா, நல்ல போட்டோ ஒண்ணு குடுங்க"ன்னான். கொழுந்தன் மகன் கல்யாணத்துல பட்டுச்சேலையோட எடுத்த போட்டோவக் குடுத்தேன். என் தலையில நானே மண்ணள்ளிப் போட்டேன்னு அப்பத் தெரியல.

என் சாவுல அவனுங்க பட்ட பாடு இருக்கே! பூதத்தோட வாயி ஒரு ஜிப்பு. அதுக்குள்ள என் தலைய விட்டு இழுக்கணும். ஜிப்பு என் கொண்டையில மாட்டிக்கும். "கட்டு"ம்பான். மறுபடியும் திட்டணும், மறுபடியும் சாகணும். அன்னைக்கு ஒம்போது தடவ செத்தேன். வெயில்ல உள்ள இருந்த மாஸ்டருக்கு மயக்கம் வந்து, பூதத்தோட வயித்த அவுத்துவிட்டு நன்னாரி சர்பத் குடுத்தோம். அதோட நான் அத மறந்தும் போனேன்.

படம் வெள்ளிக்கிழம வருதுன்னாங்க. புதன்கிழம விடிகாலையிலயே வீட்டுக்காரரு மண்டபம் பாக்க பைக்க எடுத்துக்கிட்டுத் திருப்பரங்குன்றம் போயிட்டாரு. நான் கடையில கிரைண்டர ஓட விட்டுட்டு, போனச் சத்தமில்லாம வச்சு கல்லாவுக்குள்ள போட்டுட்டேன். கை பூரா மாவா இருக்கையில அத எடுக்கவும் முடியாது, சத்தமும் கேக்காது.

மொத ஆளா வந்தவரு பின் தெருவுல இருக்கிற ரிட்டயர்டு ஆபீசரு. வாரத்துக்கு ரெண்டு தடவ மாவு வாங்குறவரு. அன்னைக்குக் கையில தூக்குவாளி இல்ல, பெரிய ரோசாப்பூ மாலை. என்னையப் பாத்ததும் மனுசன் அப்படியே நின்னுட்டாரு. நானும் பாக்குறேன், அவரும் பாக்குறாரு. கடைசியில மாலைய முதுகுக்குப் பின்னால கொண்டு போயிட்டு, "மாவு இருக்காம்மா?"ன்னாரு. "இருக்கு சார், மாலை எதுக்கு?"ன்னேன். வேகமா நடையக் கட்டிட்டாரு. செத்தாலும் இவ கடை தொறப்பான்னு நெனச்சிருக்காரு, அதுல ஒரு சந்தோசம் எனக்கு.

அடுத்து ஷாமியானாக்காரன். வண்டியில நாற்காலியோட வந்து எறங்கி, குனிஞ்சு ரசீது பொஸ்தகத்தப் பாத்துக்கிட்டே, "அக்கா, துட்டி வீடு எது? எத்தன சேர் போடணும்?"னு என்கிட்டயே கேக்குறான். "யாரு வீட்டுத் துட்டிடா? செத்தது யாரு?"ன்னேன். என் பேரச் சொன்னான். சொல்லிட்டு நிமிந்து பாத்தவன் நாற்காலியக் கீழ போட்டுட்டான். அவன் கையக் காட்டுன பக்கம் பாத்தேன். தெரு முக்குச் சொவத்துல நான் இருக்கேன்.

ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு. நடுவுல பட்டுச்சேலையில சிரிச்சுக்கிட்டு நான். மேல கொட்ட எழுத்துல 'கண்ணீர் அஞ்சலி'. கீழ என் பேரு, சொன்ன மாதிரியே பெருசா! தோற்றம், மறைவு, எல்லாம் இருக்கு. அதுக்குக் கீழ ஒரு பட்டையில, 'இவரை விழுங்கியது எது? வெள்ளி முதல் திரையில்'னு போட்டிருந்தானுங்களாம். அந்தப் பட்டைக்கு மேல எவனோ டியூசன் சென்டர் போஸ்டர ஒட்டிட்டுப் போயிட்டான். எங்க ஊருல ஒட்டுன பசை காயறதுக்குள்ள அடுத்தவன் ஒட்டுவான், இது பச்சப்புள்ளைக்கும் தெரியும். இந்த ஊர்லயே பொறந்து வளந்த அந்த டைரக்டருக்குத் தெரியாதா? மக கல்யாணத்த வச்சுக்கிட்டு நெத்தி நெறையக் குங்குமத்தோட நிக்கிறவள, கண்ணீர் அஞ்சலின்னு சொவத்துல ஒட்டுவியா நீ?

கையக் கழுவிட்டு அவனுக்குப் போன் போடலாம்னு உள்ள திரும்புறேன். திண்டுக்கல் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு குட்டியானை வண்டி தெருவுக்குள்ள வருது. வண்டி நெறைய பொம்பளைங்க. தல விரி கோலமா, மாரடிச்சுக்கிட்டு. நான் பொறந்த ஊரு சனம்! போஸ்டரு டி. கல்லுப்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருக்கு, அங்கயும் அந்தப் பட்டைய வேற போஸ்டரு மறச்சிருச்சு. எனக்கும் போன் போட்டிருக்காங்க, வீட்டுக்காரருக்கும் போட்டிருக்காங்க. ரெண்டு பேரும் எடுக்கல. துட்டி வீட்டுல யாரு போன் எடுப்பா, சரிதான்னு கெளம்பிட்டாங்க.

வண்டி நிக்கிறதுக்கு முன்னாடியே எங்க சித்தி ஒப்பாரிய ஆரம்பிச்சுட்டா.

"மாவாட்டித் தேஞ்சவளே, மகளுக்கே ஒழச்சவளே,
பூவோட போனியேடி, பொறந்தவன விட்டுப்புட்டு..."

அவ என்னையப் பாத்தா. கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு. ஆனா ஆரம்பிச்ச அடியப் பாதியில விடக் கூடாதுன்னு, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே மிச்சத்தையும் இழுத்துப் பாடி முடிச்சுட்டுத்தான் வாய மூடுனா. மகளுக்கே ஒழச்சவளாம்! போன வருசம் ஒரு விசேசத்துல, "இவளுக்கு மாவு வித்துத் திமிரு ஏறிப் போச்சு"ன்னு சொன்ன அதே வாயி.

வண்டிக்கு முன் சீட்டுல இருந்து என் தம்பி எறங்குனான். சட்டையக்கூட மாத்தல, தோட்டத்துக்குப் போற அழுக்குச் சட்டை. கக்கத்துல ஒரு துணிப்பை. எனக்குப் புரிஞ்சு போச்சு. வாழ்ந்த பொம்பள செத்தா பொறந்த வீட்டுக் கோடி வரணும். கூடப் பொறந்தவன் சேலை கொண்டாந்து போத்தாம எடுக்க மாட்டாங்க. ஆறு வருசமா மூஞ்சியக் காட்டாதவன், அந்த மொறைக்கு வந்திருக்கான். மீசையெல்லாம் நரைச்சிருந்துச்சு. அது எனக்குத் தெரியவே தெரியாது.

"அக்கா"ன்னான். கிட்ட வந்தான். என் கையத் தொட்டான், மாவு ஒட்டுச்சு. சின்னப் புள்ளையில அழுத மாதிரி வாயக் கோணிக்கிட்டு அழுதான். நானும் அழுதிருப்பேன். அதுக்குள்ள அவன் கண்ணத் தொடச்சிக்கிட்டு என்ன கேட்டான் தெரியுமா?

"என்னைய வரவைக்கிறதுக்கு இப்படி ஒரு நாடகமாக்கா? சாவ வச்சா வெளையாடுவ?"

அடப்பாவி! கல்லாவத் தொறந்து போன எடுத்தேன். நூத்துச் சொச்சம் கால். டைரக்டருக்குப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன். எடுத்ததும், "அக்கா! போஸ்டர் பாத்தீங்களா? ஊரே உங்களப் பத்தித்தான்க்கா பேசுது! பூதத்தவிட நீங்கதான் பேமஸு. மூணாம் பாகத்துல உங்களப் பேயாக் கொண்டாந்துருவோம்க்கா"ன்னான். தெரு பூரா கேட்டுச்சு.

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள என் தம்பி போனப் பிடுங்கிட்டான். "டேய், நீ எங்கடா இருக்க? எங்க அக்கா போட்டோவுக்குப் பக்கத்துல வெளக்கு வச்ச கைய ஒடிக்காம விட மாட்டேண்டா. இன்னைக்குச் சாயந்தரத்துக்கு மேல ஒரு போஸ்டர் சொவத்துல இருந்துச்சு, உன்னையத்தாண்டா பூதம் முழுங்கும்"னு அவன் கத்துன கத்துல லைன் கட்டாயிருச்சு. ஆறு வருசம் கழிச்சு என் தம்பி எனக்காக ஒருத்தன வையறதக் கேட்டேன். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் என் ஆத்திரம் எறங்கல, அவன் மேலயும்தான்.

"எல்லாரும் உக்காருங்க, காபி போடுறேன்"னேன். சித்தி, "எளவு வீட்டுல கை நனைக்கக் கூடாதுடி"ன்னா. "எது எளவு வீடு? நான் உன் கண்ணு முன்னாடி நிக்கல?" "அது சரிதான். ஆனா நாங்க அப்படி நெனச்சுல்ல வாசப்படி தாண்டி வந்தோம்." இவகிட்ட என்னத்தச் சொல்றது! அடுத்து அந்தப் பையக் காட்டி, "கோடின்னு எடுத்தது திரும்ப வீட்டுக்குப் போகக் கூடாது. உசிரோட இருக்கிறவளும் வாங்கக் கூடாது. போற வழியில வைகை ஆத்துல விட்றுவோம்"னா. எல்லாரும் தலைய ஆட்டுனாங்க.

அப்பத் தம்பி பொண்டாட்டி கூட்டத்துக்குள்ள இருந்து மெதுவா முன்னால வந்தா. "அது கோடி இல்ல மதினி"ன்னா. "விடிகாலையில எந்தக் கடை தொறந்திருக்கும்? நாங்க பால் காய்ச்சையில உங்களுக்குன்னு எடுத்த சேலை. நீங்க வந்து கட்டுவீங்கன்னு மஞ்சத் தடவி வச்சிருந்தோம். ஆறு வருசமா பீரோவுலயே கெடக்கு. இன்னைக்கு இவரு அதத்தான் தூக்கிக்கிட்டு வந்தாரு."

பைய வாங்கிப் பிரிச்சேன். மாம்பழக் கலரு, அரக்குக் கரை. நான் வாக்கப்பட்டுப் போகையில கேட்டு எங்க அய்யா வாங்கித் தர முடியாமப் போன கலரு. ஓரத்துல மஞ்ச காஞ்சு இருக்கு. பாச்சா உருண்டை வாசம் வருது. எனக்கு அப்ப வந்துச்சு பாருங்க, அன்னைக்கு வந்த கோவத்துலயே பெரிய கோவம்.

"ஏண்டா, உசிரோட இருந்தவளுக்கு எடுத்த சேலைய எம் பொணத்து மேல போத்தவா கொண்டாந்த? ஒரு பஸ்ஸு ஏறி வந்து, இந்தாக்கா, கட்டுன்னு குடுத்திருந்தா ஒங் கெரீடம் எறங்கிப் போயிருமா? நான் போஸ்டர்ல வந்தாத்தான் ஒனக்கு வழி தெரியுமா? இந்தா இருக்கு டி. கல்லுப்பட்டி!"

"நீ வந்திருக்கலாம்ல?"ன்னான். அம்புட்டுத்தான் சொன்னான்.

ஒரு பஸ்ஸு எனக்கும்தான் இருந்துச்சு. அம்புட்டு நேரமும் அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்த கிரைண்டரப் போயி நிறுத்துனேன், மாவு சூடேறிக் கெட்டியாகியிருந்துச்சு.

கொஞ்ச நேரத்துல சனம் ஒவ்வொண்ணா வண்டியில ஏற ஆரம்பிச்சுச்சு. யாரும் என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. துட்டி வீட்டுல சொல்லிக்கிட்டுக் கெளம்பக் கூடாதுல்ல, அந்தப் பழக்கம். தம்பியும் அதே மாதிரி கதவத் தொறந்து முன் சீட்டுல ஏறிட்டான். அவன் மொறைக்குப் பேசாமப் போறானா, இல்ல பழைய ரோசத்துல போறானான்னு எனக்குத் தெரியல. இப்படியே விட்டா இன்னொரு ஆறு வருசம், நடுவுல எம் மக கல்யாணம். நான் போய் வண்டிக்கு முன்னால நின்னுக்கிட்டேன். டிரைவரு ஆரன் அடிச்சான்.

"நான் சாகல"ன்னு கத்துனேன். "உசிரோட இருக்கிறவ வீட்டுக்கு வந்தா சொல்லிக்கிட்டுப் போகணும். சொல்லிட்டுப் போடா!"

அவன் ஜன்னல் வழியா என்னையப் பாத்தான். "கல்யாணத்துக்குக் கூப்பிடலயே நீ"ன்னான்.

"தெருவுல நின்னு கூப்பிட நான் என்ன ஒன்னைய மாதிரியா? தட்டோட வீட்டுக்கு வாரேன். நாளைக்குக் காலையில வாரேன். பத்திரிகையில ஒம் பேரு ஏற்கெனவே இருக்கு, போ."

"அந்தச் சேலையக் கட்டிட்டு வா"ன்னான். அப்புறம் "போயிட்டு வாரேங்க்கா"ன்னான்.

நான் வழிய விட்டேன். வண்டி தெரு முக்கு வரைக்கும் போய் நின்னுச்சு. என் தம்பி எறங்கி அந்தப் போஸ்டர்கிட்ட போனான். சர்ருன்னு இழுத்துக் கிழிச்சுப் போட்டுட்டுப் போவான்னு பாத்தேன். அவன் மூலைக்கு மூல நகத்த விட்டு, எம் மூஞ்சி கிழிஞ்சிராம, ஈரப் பசையோட கொஞ்சங் கொஞ்சமா உரிச்சுக்கிட்டிருந்தான். "அது கெடக்குது விடுடா, வெயிலு ஏறுது"ன்னு இங்க இருந்து கத்துனேன். அவன் காதுல வாங்கவே இல்ல.